தேவதாஸுக்கு இருந்தது ரோஷமா, வீம்பா?

மாமரத்தடி
வெள்ளி, இரவு 10.12

போன ஞாயிறு அம்மாவோடு உட்கார்ந்து 1953-இல் வந்த தேவதாஸ் பார்த்தேன். அம்மாவுக்கு 74 வயது. சின்னப் பெண்ணாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படமாம். ‘உலகே மாயம்’ வந்ததும் கூடவே முணுமுணுத்தார். கண்ணும் கலங்கியது. ஆனால் அதற்கு முன்பே, தேவதாஸ் தன் காதலி பார்வதியின் நெற்றியில் அடிக்கும் இடத்தில், உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியில் இறக்கிவிட்டு, “அடிச்சவன் அவன், அழுவுறதும் அவனா?” என்றார். அப்புறம் மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை. படத்துக்கு மூலமான வங்காள எழுத்தாளர் சரத்சந்திரரின் நாவல், மொழிபெயர்ப்பில் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து இரண்டே ராத்திரியில் படித்து முடித்தேன். சின்னப் புத்தகம்தான்.

அந்த அடி திடீரென்று வந்த அடி இல்லை. இரண்டு பேரும் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே ஒரு காட்சி வருகிறது. தூண்டிலுக்குக் கழி வெட்ட வேண்டும், மூங்கிலை வளைத்துப் பிடித்துக்கொள் என்கிறான் தேவதாஸ். அவள் பிடி நழுவ, இவன் விழுகிறான். எழுந்து வந்து மூங்கில் குச்சியாலேயே அவளை விளாசுகிறான். வீட்டில் கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? வாத்தியார் அடித்தார் என்று. பழி அந்த மனிதர் தலையில் விழுந்தது.

வருஷங்கள் கழித்துக் குளத்தங்கரை. நடுவில், இவர்கள் கல்யாணத்துக்கு அப்பா முடியாது என்று சொன்னதும் இவன் கல்கத்தாவுக்குப் போய், உன்மேல் அப்படியொரு எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை என்கிற மாதிரி ஒரு கடிதம் போட்டிருக்கிறான். போட்டபின் மனம் கேட்காமல் திரும்பி வருகிறான். இந்த முறை அவள் தலை குனியவில்லை. உனக்கு அப்பா அம்மா இருக்கிற மாதிரி எனக்கும் இருக்கிறார்கள், அவர்கள் சம்மதம் வேண்டாமா என்கிறாள். உனக்கு இவ்வளவு கர்வமா, நிலாவிலும் களங்கம் இருக்கிறது பார் என்று சொல்லி, கையிலிருந்த தூண்டில் கழியால் நெற்றியில் ஒரு வீச்சு.

அப்பா முன்னால் எழும்பாத கை இங்கே எழும்புகிறது. ரோஷம் என்றால் நம்மைவிடப் பெரியவன் அவமதிக்கும்போது வர வேண்டும். எளியவளிடம் காட்டினால் எங்கள் ஊரில் அதற்கு வீம்பு என்று பேர். நூறு வருஷமாக இவனைக் காதலின் சிகரமாக வைத்து அழுகிறோமே, எதற்காக?

பழைய ரீல்
வெள்ளி, இரவு 10.51

அம்மா கேட்டது நியாயம்தான் சார். ஆனால் நாம் அழுதது நாவலைப் பார்த்து இல்லை, தேவதாஸாக நடித்த நாகேஸ்வர ராவின் முகத்தைப் பார்த்து. அந்தக் குடி காட்சிகளை ராத்திரியில் எடுத்தார்களாம். தூக்கத்தில் இமை தானாகச் செருகும், குடிகாரன் கண் மாதிரியே இருக்கும் என்று இயக்குநர் வேதாந்தம் ராகவய்யா போட்ட கணக்கு. அந்த முகம், கண்டசாலா குரல், சுப்பராமன் மெட்டு. படம் வெளிவந்தபோது சுப்பராமன் உயிரோடு இல்லை என்பதும் சேர்ந்துகொண்டால், அடி எங்கே நினைவில் நிற்கும்? பாட்டு முடியும்போது அவன் குற்றவாளி என்பதே மறந்துபோகும்.

இதைப் படத்தின் பலம் என்பதா, கெட்டிக்காரத்தனம் என்பதா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

சைக்கிள்கடை
வெள்ளி, இரவு 10.58

எங்கள் தெருவில் ஷேவ் பண்ண மறந்தவன் எல்லோரும் தேவதாஸ்தான். பிளேடு வாங்கக் காசில்லாதவன் உட்பட 😂

ஹௌரா மெயில்
வெள்ளி, இரவு 11.37

பதினோரு வருஷம் கல்கத்தாவில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். படங்களைப் பார்த்தவர்கள் இதைப் பணக்காரப் பையன், ஏழைப் பெண் கதை என்றே நினைக்கிறார்கள். நாவலில் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. தேவதாஸ் முகோபாத்யாய வீடு, பார்வதி சக்ரவர்த்தி வீடு. இரண்டுமே பிராமணக் குடும்பங்கள்தான். ஆனால் சக்ரவர்த்தி வீட்டில் பெண்ணைக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் பணம் வாங்குகிற வழக்கம். வங்காளத்தின் மேல்தட்டுக் குலீனர்கள் கண்ணில் அது “பெண்ணை விற்கிற வீடு”. போதாததற்குப் பக்கத்து வீட்டுச் சம்பந்தம் வேறு. ஜமீன்தார் நாராயண் முகர்ஜி மறுத்ததற்குக் காரணம் இதுதான். காசு ஒரு பக்கம், குலக் கௌரவம் ஒரு பக்கம்.

அதனால் தேவதாஸ் சுமந்த மானம் அவனுடையதே இல்லை, அப்பாவுடையது. கல்கத்தாவிலிருந்து போட்ட கடிதத்தில் பார்வதி வீட்டைப் பற்றி இவனும் அப்பா பேசுகிற பேச்சையே பேசுகிறான். சில்க் குர்தா, கைத்தடி, கடிகாரச் சங்கிலி என்று பட்டணத்து வேஷம் எல்லாம் போட்டுக்கொண்டாலும் வாயைத் திறந்தால் அப்பா குரல்.

இன்னொன்று. நாவலில் கல்யாணப் பேச்சு எழும்போது பார்வதிக்கு 13 வயது. இவனும் மீசை முளைத்த பையன், அவ்வளவுதான். படங்களில் சாவித்திரி, சுசித்ரா சென் இருவரையும் பார்வதியாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது மனதில் பதிவதே இல்லை.

கரிசல்மண்
சனி, காலை 6.20

பரிசம் போடுவது எங்கள் பக்கமும் இருந்ததுதான் அண்ணே. எங்கள் பாட்டிக்குத் தாத்தா வீட்டில் பணமும் புடவையும் கொண்டுவந்து வைத்து, வெற்றிலை மாற்றித்தான் கூட்டிப்போனார்கள். அதில் யாருக்கும் கேவலம் தெரியவில்லை. வங்காளத்தில் அதே வழக்கத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகிறது. இப்போது திசை மாறி, மாப்பிள்ளைக்குக் கொடுத்துத் தேய்கிறோம், அதற்குப் பேர் கௌரவம்!

ஆனால் மாமரத்தடி சாருக்கு ஒரு மறுப்பு. அந்தக் காலத்தில் 19, 20 வயதுப் பையன் அப்பாவை எதிர்த்து எங்கே போவான்? நிலம் அப்பா பேரில், படிப்புச் செலவு அப்பா கையில். வீட்டை விட்டுப் போ என்றால் சோறு கிடையாது. நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதனை இன்றைய தராசில் வைத்து நிறுக்கலாமா?

சுமதி க.
சனி, காலை 9.05

நிறுக்கலாம் சார். ஏனென்றால் அதே காலத்தில், அதே ஊரில், அதே 13 வயதில் ஒருத்தி செய்து காட்டியிருக்கிறாள்.

ராத்திரி, ஊரடங்கிய நேரம். பார்வதி தனியாக ஜமீன் வீட்டுக்குள் நடந்துபோய் தேவதாஸ் படுத்திருக்கும் அறைக் கதவைத் தாண்டுகிறாள். அவளுக்கு அப்பா பெயரில் நிலமும் இல்லை, கல்கத்தாவில் தங்க இடமும் இல்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விழித்த தேவதாஸ் முதலில் என்ன கேட்கிறான்? எப்படி வந்தாய், யாராவது பார்த்தார்களா, நாளைக்கு எப்படித் தலைகாட்டுவாய். அதற்கு அவள், ஆற்றில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, என் களங்கத்தை மூட அது போதாதா என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கௌரவத்தைப் பணயம் வைத்து வந்தவள் அவள். கௌரவம் போய்விடுமே என்று பதறியவன் அவன். நாவலின் தலைப்பில் மட்டும் அவன் பெயர்.

சைக்கிள்கடை
சனி, காலை 9.11

அக்கா இன்று ஃபுல் ஃபார்ம்.

கரிசல்மண்
சனி, காலை 9.48

சரி, அந்த இடத்தில் நான் தோற்றேன் அக்கா. ஆனால் மறுநாள் அவன் அப்பாவிடம் போய்க் கேட்கத்தான் செய்தான். கேட்கவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

சுமதி க.
சனி, காலை 10.02

கேட்டான். கத்தினார். ஊரை விட்டுப் போனான். அதற்கப்புறம் அந்தக் கடிதம். ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன் என்பது நம் வீடுகளிலும் ஆண்கள் அடிக்கடி சொல்கிற வசனம்தான். எனக்கு வந்த ஒரு வரன் இப்படித்தான் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று ஃபோனில் அழுதது. நான்தான் ஆறுதல் சொல்லி வைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பழைய ரீல்
சனி, பிற்பகல் 3.30

சினிமாப் பக்கம் இருந்து ஒரு வாதம் வைக்கிறேன், திட்டாமல் கேளுங்கள்.

ஐம்பதுகளில் நம் கதாநாயகன் யார்? கத்தியை வாயில் கவ்விக்கொண்டு கயிற்றில் தொங்குகிறவன். கோட்டை மதிலைத் தாண்டி இளவரசியை மீட்கிறவன். அவர்களுக்கு நடுவில் ஒருத்தன் வந்து, எனக்கு முடியவில்லை, தோற்றுவிட்டேன் என்று உட்கார்ந்து அழுகிறான். தியேட்டரில் இருந்த எத்தனை ஆண்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்! வீட்டில் அழ முடியாதவன் இருட்டில் உட்கார்ந்து இவன் சாக்கில் அழுதான். அந்த வகையில் தேவதாஸ் ஆண்மையின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியவன் என்றே சொல்வேன்.

நடித்தவர்களையும் அது சும்மா விடவில்லை. 1936 இந்திப் படத்தில் நடித்த சைகல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார், குடி. 1955 படத்தின் திலீப் குமார், தொடர்ந்து சோக வேஷங்களில் மூழ்கி மனம் பாதித்து, மருத்துவர் சொல்லித்தான் கலகலப்பான படங்களுக்கு மாறினார். (அந்த 55 படத்தை இயக்கிய பிமல் ராய்தான் சைகல் படத்துக்குக் கேமரா. இருபது வருஷம் அந்தக் கதை அவரை விடவில்லை.)

அப்புறம் நம்ம வைஜயந்திமாலா. அதே 55 படத்தில் தாசி சந்திரமுகியாக நடித்ததற்குத் துணை நடிகை விருது என்று ஃபிலிம்ஃபேர் கொடுத்தபோது, நான் துணைப் பாத்திரம் இல்லை, பார்வதிக்குச் சமமான பாத்திரம் என்று வாங்க மறுத்துவிட்டார். இழையின் தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறதா? ரோஷம் என்றால் அது.

ஹௌரா மெயில்
சனி, மாலை 5.14

அழுகிற ஆண் என்ற வாதம் பிடித்திருக்கிறது. முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவன் யார் முன்னால் அழுகிறான் என்று பாருங்கள். சந்திரமுகி முன்னால்.

முதல் தடவை நண்பன் சுனிலால் கூட்டிப்போகும்போது இவனுக்கு அவளைக் கண்டாலே அருவருப்பு. பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறான். அப்புறம் தினமும் போகிறான். குடித்தால்தான் அங்கே உட்கார முடிகிறது. ஒரு பெண்ணை வீட்டுக் கௌரவத்துக்காக விட்டான், இன்னொருத்தியைக் கௌரவம் இல்லாதவள் என்று தள்ளி வைத்துக்கொண்டே அவள் மடியில் படுக்கிறான். தொழிலை விட்டு, நகைகளை விட்டு, கிராமத்துக்குப் போய்க் குடிசையில் இருந்தவள் அவள். கடைசியில் அவனைத் தேடிக் கல்கத்தாவில் தெருத் தெருவாக அலைந்தவளும் அவள். அவன் அழுதான், அவர்கள் வேலை செய்தார்கள்.

சரத்சந்திரர் இதை இளம் வயதில் எழுதிவிட்டு வெளியிடத் தயங்கி, 1917-இல்தான் புத்தகமாக வரவிட்டார். குடிபோதையில் எழுதிய புத்தகம் என்று அவரே அலுத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். ஆனால் நாவலைக் கவனமாகப் படித்தால் ஆசிரியர் அவனை நாயகனாக்கவே இல்லை. அடிக்கும் இடத்தில் அடியை அடியாகத்தான் எழுதியிருக்கிறார். தூண்டில் கழி, ரத்தம், அவ்வளவுதான். மெருகு ஏற்றியது சினிமா. 2002 இந்திப் படத்துக்கு வந்தால் தூண்டில் கழியே போய்விட்டது. முத்து மாலையால் அடிக்கிறான்! நெற்றிக் காயம்கூட நகை போட்ட மாதிரி இருக்கிறது.

மாமரத்தடி
சனி, மாலை 6.40

முத்து மாலை விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. ஐயோ.

நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. 55 படத்தில் ஒரு பாதையில் எதிரெதிரே கடந்து போகிறார்கள், பேச்சில்லை. 2002-இல் சேர்ந்து நடனமே ஆடிவிட்டார்கள். காலம் போகப் போக அவனுக்காகப் பெண்கள் ஒத்துப்போவதுதான் கூடிக்கொண்டே வருகிறது.

கரிசல்மண்
ஞாயிறு, காலை 7.15

ராத்திரி முழுக்க இந்த இழையே ஓடியது மனதில். ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு சித்தப்பா இருந்தார். அவருக்கு ஊரே வைத்த பெயர் தேவதாஸ். மாமன் மகளைக் கொடுக்கவில்லை என்பது காரணம். எங்களுக்கெல்லாம் சின்ன வயதில் அவர் பெரிய ஹீரோ. பேச மாட்டார். திண்ணையில் கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்திருப்பார். வேட்டி மடிப்பில் பீடிக்கட்டு. யாராவது அந்த மாமா வீட்டுப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். “மானஸ்தன்டா” என்பார் எங்கள் அப்பா.

அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. சித்தியைப் பற்றி யாருக்கும் எந்தப் பட்டப்பெயரும் இல்லை. விடிவதற்குள் காட்டுக்குக் கிளம்புவார், வந்து சோறாக்குவார், சாயங்காலம் ஒரு அலுமினியத் தூக்கில் சித்தப்பாவுக்குச் சோறு போட்டு, அதன் மேல் மூடியைக் கவிழ்த்து, மூடிமேல் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுப் படுப்பார். பூனை தள்ளக் கூடாது என்று. அவர் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரியாது. வந்து அந்தக் கல்லைத் திண்ணையில் ‘டக்’ என்று வைக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். சில ராத்திரி அதற்குப் பிறகு வேறு சத்தமும் கேட்கும். காலையில் சித்தி, வழுக்கி விழுந்துட்டேன் என்பார்.

மாமரத்தடி சார், வாத்தியார் அடித்தார் என்று பார்வதி சொன்ன பொய்யைப் படித்ததும் எனக்கு அந்தக் கல் சத்தம்தான் கேட்டது. நேற்று அவனுக்காக வாதாடினேன். அந்த வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சுமதி க.
ஞாயிறு, காலை 7.52

சித்தி இருக்கிறார்களா?

கரிசல்மண்
ஞாயிறு, காலை 7.58

இருக்கிறார். 81. இப்போதும் தூக்குமேல் கல் வைக்கிறார், பழக்கம். பூனைகூட இல்லை வீட்டில்.

பழைய ரீல்
ஞாயிறு, காலை 11.20

கரிசல் தம்பி எழுதிய பிறகு பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. கடைசியில் அவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினானே? சாவதற்கு முன்னால் ஒரு தடவை உன் வாசலுக்கு வருவேன் என்று பார்வதிக்குச் சொல்லியிருந்தான். பாண்டுவா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, ரத்தம் கக்கிக்கொண்டு, மாட்டுவண்டியில் கரடுமுரடான பாதையில், பார்வதி வாழ்க்கைப்பட்ட ஊரான ஹாதிபோதா வரை போகிறான். வீட்டுக்குப் போகவில்லை, அம்மாவிடம் போகவில்லை. சொன்ன சொல்லுக்காகப் போகிறான். அங்கேயாவது மானம் என்ற சொல்லுக்கு அவன் தகுதியானவன் இல்லையா?

மாமரத்தடி
ஞாயிறு, பிற்பகல் 1.05

அதைப் பற்றி நானும் யோசித்தேன். அந்த வண்டிப் பயணம் நாவலிலேயே நன்றாக எழுதப்பட்ட இடம். இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போகிறான். எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் பார்வதி கேட்டது என்ன? என் வீட்டுக்கு வா, உனக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்று. உயிரோடு, பேசக்கூடிய நிலையில், மருந்து கொடுக்கக்கூடிய நிலையில். அப்போது போயிருந்தால் ஊர் பேசும், அவள் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டும், இவன் தாழ்ந்துபோக வேண்டும். அதைச் செய்ய மனம் வரவில்லை. பேச்சு நின்ற பிறகு, யாரும் எதுவும் கேட்க முடியாத நிலையில் போய் அவள் வாசல் அரசமரத்தடியில் கிடக்கிறான். வாக்கின் எழுத்தைக் காப்பாற்றினான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விளைவு யாருக்கு? ஜமீன்தார் வீட்டு எஜமானி, பெரிய பிள்ளைகளுக்குச் சிற்றன்னை, எல்லோரும் பார்க்கத் தலைவிரிகோலமாக வாசலுக்கு ஓடி வருகிறாள். அவள் அத்தனை வருஷம் அந்த வீட்டில் சம்பாதித்த மரியாதை அந்த ஓட்டத்தில் போகிறது. இவன் பிணத்தை ஊரில் யாரும் தொடவில்லை. குல கௌரவத்துக்காக அவளை விட்டவனை, சண்டாளர்கள்தான் தூக்கிக்கொண்டுபோய் ஒரு வறண்ட குளத்துக் கரையில் அரைகுறையாக எரித்தார்கள். சரத்சந்திரர் அந்த இடத்தில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டி எழுதவில்லை.

சைக்கிள்கடை
ஞாயிறு, பிற்பகல் 1.12

செத்தும் கொடுத்தான் சீதக்காதி. செத்தும் கெடுத்தான் தேவதாஸ். (சீரியஸாகத்தான் சொல்கிறேன் இந்தத் தடவை.)

ஹௌரா மெயில்
ஞாயிறு, பிற்பகல் 2.46

நாவலின் கடைசிப் பத்தியில் ஆசிரியரே நேரில் வந்து, இப்படிப்பட்ட துர்ப்பாக்கியசாலி யாரையாவது கண்டால் அவனுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறார். சாகும்போது நெற்றியில் அன்பான ஒரு கை படாமல் போகக் கூடாது என்பதுதான் அவர் வருத்தம். நெற்றி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பார்வதியின் நெற்றி ஞாபகம் வந்தது. அங்கே இவன் கை பட்டது எப்படி என்று அவர் மறந்திருப்பாரா? மறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சுமதி க.
ஞாயிறு, மாலை 4.30

மாமரத்தடி சார், படம் முடிந்ததும் அம்மா என்ன சொன்னார்? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

மாமரத்தடி
ஞாயிறு, மாலை 5.02

கடைசிக் காட்சிக்கு அழுதார், மறைக்கவில்லை. அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, புடைத்த உளுந்தை டப்பாவில் கொட்டிக்கொண்டே கேட்டார்: “அந்த வண்டிக்காரனுக்கு யாருடா கூலி கொடுத்திருப்பா?”